மேற்குப் பார்த்த சோப்புக் கடை

சோப்பக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று சந்தையில் எல்லோருக்கும் தெரியும். எதற்கு வரும் என்பதுதான் பலருக்குத் தெரியாது. பேரம் பேசினால் வராது. பத்துக் கட்டியை எடுத்து எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றுகூட வாங்காமல் நடையைக் கட்டினாலும் வராது. "என்னங்க இது, பழைய சரக்கா?" என்று கேட்டுவிட்டால் போதும், வந்துவிடும். கேட்டவர் பெரியவரா சின்னவரா என்றெல்லாம் அவள் பார்க்கமாட்டாள். நிற்க வைத்துக் கால் மணி நேரம் பாடம் நடத்திவிட்டுத்தான் அனுப்புவாள்.

அவள் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு சோப்புப் பாளத்தைக் காய்ச்சி ஊற்றி, மறுநாள் கம்பியால் கட்டி கட்டியாக அறுத்து, அதன் பிறகு ஆறு வாரம் இருட்டில் காய வைக்க வேண்டும். அதற்காக மகளின் அறையையே பிடுங்கிக்கொண்டாள். அங்கே கட்டில் இருந்த இடத்தில் இப்போது மூங்கில் தட்டுகள், ஜன்னல் முழுக்கக் கறுப்புக் காகிதம். மகள் கூடத்தில் படுக்கிறாள், அவள் வங்கிக்குக் கட்டிப்போகும் புடவையில்கூட எலுமிச்சைப் புல் வாசம் அடிக்கிறது. இப்படிக் குடும்பத்தையே ஒரு மூலையில் ஒதுக்கி வைத்துவிட்டுக் காயவைத்த சோப்பைப் பார்த்து ஒருவர் பழைய சரக்கா என்று கேட்டால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

அப்படிக் கேட்க வைத்தது வெயில். அவள் சோப்பில் கடையில் விற்கும் சாயம் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. மஞ்சள் நிறத்துக்கு மஞ்சள்தான், பச்சைக்குக் கீரைப் பொடி, நீலத்துக்கு அவுரி, சிவப்புக்கு மஞ்சிட்டி வேர். இவற்றில் அவுரி கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். மற்ற மூன்றும் வெயில் பட்டால் அவ்வளவுதான். காலையில் ரத்தச் சிவப்பாக இருந்த மஞ்சிட்டிச் சோப்பு சாயங்காலம் வெளிறிய ரோஜா நிறத்தில் சோகையாக உட்கார்ந்திருக்கும். கீரைச் சோப்பைச் சொல்லவே வேண்டாம், காக்கிச் சட்டை நிறம்.

சந்தை கூடுவது மாதத்தில் மூன்றாவது ஞாயிறு, நூலகத்துக்குப் பின்னால் உள்ள மைதானத்தில். நாற்பது கடை, எதிரும் புதிருமாக இரண்டு வரிசை. ஒரு வரிசையின் முதுகுப் பக்கம் நெடுக மரங்கள் இருந்தன. மத்தியானத்துக்கு மேல் அந்த வரிசை முழுக்கக் குளுகுளு நிழல். எதிர் வரிசை மேற்கைப் பார்த்தது. இரண்டு மணி அடித்ததும் வெயில் கூடாரத்துக்குள் குனிந்து வந்து மேஜை மேலேயே உட்கார்ந்துகொள்ளும். சோப்பக்காவின் பதினேழாம் நம்பர் கடை அந்த மேற்குப் பார்த்த வரிசையில்தான்.

அவள் செய்து பார்க்காத வைத்தியம் இல்லை. கறுப்புத் துணியைப் போட்டு மூடினாள். கடை மூடியிருக்கிறது என்று ஜனங்கள் போய்விட்டார்கள். ஒவ்வொரு கட்டிக்கும் காகித உறை போட்டாள். சோப்பு வாங்க வருகிறவர்கள் உறையை உரித்து மூக்கில் வைக்காமல் வாங்குவார்களா? பத்து மணிக்கெல்லாம் எல்லாம் அம்மணமாகக் கிடந்தன. பெரிய குடை ஒன்றை நட்டாள், வரிசையை விட்டு வெளியே நீட்டுகிறது என்று எடுக்கச் சொல்லிவிட்டார்கள். அரை மணிக்கு ஒரு தடவை கட்டிகளைத் திருப்பித் திருப்பி வைத்தாள். இரண்டு பக்கமும் ஒரே சீராக வெளுத்ததுதான் மிச்சம்.

கடைசியில் கைகொடுத்தது அவளுடைய பழைய வேலைதான். கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பதினோரு வருஷம் ஒரு ஜவுளிக்கடையில் துணி எடுத்துப் போடுகிற வேலை பார்த்தவள் அவள். அங்கே வாசல் பொம்மைக்குக் கட்டியிருக்கும் புடவையை யாருக்கும் விற்கமாட்டார்கள். அது வெயிலுக்கு என்று நேர்ந்து விட்டது. வாடிக்கையாளர் அதைக் காட்டிக் கேட்டால் உள்ளே அடுக்கிலிருந்து புதுசு எடுத்துப் போடுவார்கள். சோப்பக்காவும் அதையே செய்தாள். நிறத்துக்கு ஒன்றாக நாலே நாலு கட்டியை மேஜை மேல் வைத்தாள். விற்கிற சரக்கெல்லாம் மேஜைக்கு அடியில், மூடி போட்ட மரப்பெட்டியில் இருந்தது. வழக்கமாக வாங்குகிறவர்களுக்கு இது தெரியும். "பெட்டியில இருந்து குடுங்கக்கா" என்றுதான் கேட்பார்கள். இரண்டு வருஷம் ஒரு வம்பும் இல்லாமல் போனது.

வம்பு ஒரு குளியலறை வடிவில் வந்தது.

புது வீடு கட்டிக் குடியேறிய ஓர் அம்மாள் மேஜை மேல் இருந்த மஞ்சிட்டிச் சோப்பைப் பார்த்து, "இதுல ஆறு குடுங்க" என்றாள். சோப்பக்கா பெட்டியிலிருந்து ஆறு எடுத்து, காகிதத்தில் சுற்றி, நூல் போட்டுக் கட்டிக் கொடுத்தாள். அந்த அம்மாள் வீட்டுக்குப் போய்ப் பிரித்தால் ஆறும் அடர் சிவப்பு. அவளுக்கு வேண்டியிருந்தது அந்த வெளுத்த ரோஜா நிறம், ஏனென்றால் அவள் குளியலறை ஓடுகள் அந்த நிறம். திரும்பி வந்து மாற்றித் தரச் சொல்லியிருந்தால் சோப்பக்கா வெயிலில் காய வைத்தாவது கொடுத்திருப்பாள். ஆனால் அந்த அம்மாள் நேரே சந்தைக் குழுவுக்குப் புகார் எழுதினாள். காட்டுவது ஒன்று, கொடுப்பது வேறு, இது மோசடி என்று.

நல்ல சரக்கைக் கொடுத்ததற்காக ஒருத்தி மோசடிக்காரி ஆன கதை வேறு எங்கேயாவது உண்டா? உடைந்ததைக் காட்டி முழுசைக் கொடுத்தால், பழசைக் காட்டிப் புதுசைக் கொடுத்தால், அதற்குப் பெயர் மோசடியா? சோப்பக்கா அன்றைக்கு இரவு சாப்பிடவில்லை.

குழுவின் செயலாளருக்குச் சந்தையில் நூல் சார் என்று பெயர். ஓய்வு பெற்ற நில அளவையாளர். ஒவ்வொரு சந்தை அன்றும் காலையில் ஒரு நூலைக் கடைசிக் கடையிலிருந்து முதல் கடை வரை இழுத்துப் பிடித்து, எந்த மேஜை அரை விரல் முன்னால் நிற்கிறது என்று பார்ப்பார். கெட்டவர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. கெட்டவராக இருந்திருந்தால் அவரிடம் சண்டை போடுவது சுலபம்.

நூலக மாடியில் இருந்த குழு அறைக்கு அவள் புடவையைக்கூட மாற்றாமல் போனாள். கண்ணாடி போட்ட மேஜை, இரும்பு அலமாரி, சுவரோரம் அடுக்கிய மடக்கு நாற்காலிகள். ஜன்னலில் கனமான திரை பாதி மூடியிருந்தது.

"சார், நான் யாரையும் ஏமாத்தலை. மேல வச்சிருந்தது வெயில்ல வெளுத்தது. பெட்டியில இருக்கறதுதான் அசல் நிறம்."

"எனக்குப் புரியுதும்மா. ஆனா அவங்க பாத்தது ஒண்ணு, கையில வந்தது ஒண்ணு. அதுதானே புகார்?"

"துணிக்கடையில பொம்மை மேல இருக்கறதையா கழட்டிக் கொடுக்கறாங்க?"

"அது கடை. இது சந்தை."

"அப்ப எனக்கு எதிர் வரிசையில ஒரு இடம் கொடுங்க. நாலு வருஷமா எழுதிக் கொடுத்துக்கிட்டு இருக்கேன். நிழல் இருந்தா எனக்குப் பெட்டியே வேண்டாம், எல்லாத்தையும் மேலயே பரப்பிடுவேன்."

"நம்பரை மாத்த முடியாதும்மா. பதிவு பண்ண வரிசைப்படி போட்டது. ஒருத்தருக்கு மாத்தினா எல்லாரும் கேப்பாங்க. வெயில் எல்லாருக்கும் பொதுதானே?"

"வெயில் பொதுதான் சார். நிழல்தான் இல்லை."

அந்த நேரம் பார்த்து மேஜை ஓரத்தில் கொஞ்சம் வெயில் வந்து விழுந்தது. நூல் சார் எழுந்து போய்த் திரையை முழுசாக இழுத்து மூடினார். "ஃபைல் அட்டையெல்லாம் வெளுத்துப் போயிடுதும்மா" என்று தானாகவே விளக்கமும் சொன்னார்.

அதைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. காகித அட்டைக்குத் திரை உண்டு, ஆறு வாரம் பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்ட சோப்புக்குக் கிடையாது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வாயைத் திறந்தவள், கேட்டால் கடையே போய்விடும் என்று மென்று விழுங்கினாள்.

முடிவு நாலு நாளில் தபாலில் வந்தது. பெட்டி வைக்கக் கூடாது. மேஜை மேல் இருப்பதை மட்டுமே விற்க வேண்டும். கடைக் கம்பத்தில் "இங்கு பொருளைச் சரிபார்த்து வாங்கவும்" என்று குழுவின் நோட்டீஸ் ஒட்டப்படும். இன்னொரு புகார் வந்தால் கடை ரத்து. அவளுக்கு விற்பதற்கு அந்த ஒரு இடம்தான் இருந்தது. ஆனால் கடிதத்தைப் படித்தபோது கடை போய்விடுமோ என்பதல்ல அவளை உலுக்கியது. நாற்பது கடை இருக்கிற இடத்தில் ஒரே ஒரு கம்பத்தில் நோட்டீஸ், அது அவள் தலைக்கு மேல். அதற்குக் கீழே உட்கார்ந்து அவள் சோப்பு விற்க வேண்டும்.

மகள் கடிதத்தை வாங்கிப் படித்தாள். "அம்மா, ஒரு சொட்டுச் சாயம் விட்டா இந்த ரோதனையே இல்லையேம்மா. பத்து வருஷம் ஆனாலும் அசையாது."

"உங்கப்பா கைக்குன்னு ஆரம்பிச்ச சோப்புடி இது. அந்தக் கை எப்படி இருந்ததுன்னு உனக்கு ஞாபகம் இருக்கா?"

மகளுக்கு ஞாபகம் இருந்தது. அப்பா விளம்பரப் பலகை எழுதுகிறவர். பெயின்ட் போக தினமும் டர்பன்டைனில் கை கழுவிக் கழுவி, விரல் இடுக்கெல்லாம் வெடித்து, சாப்பிடும்போது கண்ணில் நீர் வரும். கடைச் சோப்பு போட்டால் நெருப்பாக எரியும். அதற்காக அம்மா யார் யாரிடமோ கேட்டுக் காய்ச்சியதுதான் முதல் பாளம். இன்றைக்கு அவர் கை மற்ற மனிதர்களின் கை மாதிரி இருக்கிறது. அந்தச் சோப்பில் சாயத்தை ஊற்றச் சொன்னால் அவள் எங்கே கேட்கப்போகிறாள்?

"சிவப்புதான் எப்பவும் முதல்ல ஓடும்" என்றார் அங்கேயே உட்கார்ந்திருந்த கணவர். வெயிலும் நிறமும் அவருக்குத் தொழில் விஷயம். மார்க்கெட் சுவரில் "இங்கே குப்பை கொட்டக் கூடாது" என்று எழுதியபோது, எடுப்பாக இருக்கட்டும் என்று கடைசிச் சொல்லை மட்டும் சிவப்பில் போட்டார். ஒரே கோடையில் சிவப்பு ஓடிவிட்டது. மிச்சம் இருந்ததை ஜனங்கள் படித்துவிட்டுச் சொன்னபடி செய்துகொண்டிருக்கிறார்கள்.

"ஷோரூம் கண்ணாடியில ஒட்டற ஷீட் கொஞ்சம் மீந்து கிடக்கு. பாத்தா கண்ணாடி மாதிரிதான் இருக்கும், ஆனா அது வழியா வர்ற வெயில் நிறத்தைத் தின்னாது. மேஜைக்கு அதுல ஒரு மூடி பண்ணித் தரவா?"

"நூல் சார் எதுவும் சொல்லமாட்டாரா?"

"மேஜைய விட்டு ஒரு இஞ்சு நீட்டாது. அவர் நூலை வச்சே அளந்துக்கட்டும்."

மனுஷன் இரண்டு வாரம் உட்கார்ந்து செய்தார். மெல்லிய மரச் சட்டம், மேலேயும் நாலு பக்கமும் கண்ணாடித் தாள், மூலைகளில் ஒரு துளி இடைவெளி இல்லாமல் பசை. மீன் தொட்டியைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. எதிலும் அவர் அப்படித்தான், பிசிறு இருந்தால் தூக்கம் வராது.

சந்தை நாள் காலையில் நோட்டீஸ் அவளுக்கு முன்பே வந்து கம்பத்தில் ஒட்டியிருந்தது. கொட்டை எழுத்து. வருகிறவர்கள் முதலில் அதைப் படித்தார்கள், பிறகு அவளைப் பார்த்தார்கள், பிறகு பக்கத்துக் கடையில் கூடையைப் பார்ப்பது போல நகர்ந்தார்கள். வழக்கமாக வாங்கும் ஒரு பெண் மட்டும் வந்து, "என்னக்கா ஆச்சு?" என்று ரகசியமாகக் கேட்டாள். ரகசியமாகக் கேட்கிற அளவுக்கு விஷயம் ஆகிவிட்டதே என்று சோப்பக்காவுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. அழுகையை மட்டும் அடக்கிக்கொண்டாள்.

இரண்டு மணிக்கு வெயில் வந்தது. மூடி மேல் பளீரென்று அடித்தது. உள்ளே மஞ்சிட்டி மஞ்சிட்டியாகவே இருந்தது, மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. இரண்டரை ஆகியும் ஒரு நிறமும் அசையவில்லை. கூடவே வந்திருந்த கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவருக்கு இரண்டு காதுவரை சிரிப்பு.

மூன்று மணிக்குக் கட்டிகளின் மேல் பொடிப்பொடியாக நீர் துளிர்த்தது. மூன்றேகாலுக்கு மூடியின் உள்பக்கம் ஆவி படிந்து, உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. அவள் மூடியைத் தூக்கினாள். அடுப்பைத் திறந்த மாதிரி அனல் முகத்தில் அடித்தது. எல்லாக் கட்டிகளும் வியர்த்துப் பிசுபிசுத்தன. ஒன்றை எடுக்கப் போனாள், விரல் அழுந்தியது.

"காத்துப் போக வழி வைக்கலையே" என்றார் அவர். முகம் செத்துவிட்டது. "போர்டுக்கு வேர்க்காது. எனக்கு அது தோணவே இல்லம்மா."

இரண்டு வாரம் கண்ணைக் கொடுத்துச் செய்த மனிதரை என்னவென்று திட்டுவது? ஆனால் வந்த கோபம் எங்கேயாவது போக வேண்டுமே. நேர் எதிரே பார்த்தாள். பதினெட்டாம் நம்பர் கடையில், மர நிழலில், பானைக்காரர் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றிக் கிண்ணமும் ஜாடியும் குளிர்ச்சியாக வீற்றிருந்தன. நாலு வருஷமாக அவள் பார்த்து வயிறெரிகிற காட்சி. ஆயிரம் டிகிரி நெருப்பில் வெந்து வந்த பானைக்கு நிழல் எதற்கு? இனிமேல் சூரியனே இறங்கி வந்து நக்கினாலும் அதற்கு என்ன ஆகப்போகிறது?

அவள் சோப்புத் தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். நடுவில் முப்பது அடிதான் இருக்கும். நாலு வருஷத்தில் ஒரு நாளும் அதைக் கடந்ததில்லை. போய்ப் பானைகளுக்கு நடுவில் தட்டை வைத்தாள்.

"தம்பி, இது ஒரு மணி நேரம் இங்க இருக்கட்டும். முடியாதுன்னா சொல்லிடுங்க, அதையும் கேட்டுக்கறேன்."

பானைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "இருக்கட்டும்க்கா. நீங்களே இங்க வந்துடறீங்களா? நான் அங்க போயிடறேன்."

"எங்க?"

"உங்க இடத்துக்கு. அந்த வெயிலுக்குத்தான் மூணு தடவை எழுதிக் கொடுத்தேன்." ஒரு கிண்ணத்தை எடுத்து நிழலில் காட்டினார். சேற்று நிறமாக இருந்தது. இரண்டு எட்டு முன்னால் போய் வெயிலில் பிடித்தார். உள்பக்கம் முழுக்கப் பச்சையும் நீலமும் ஓடின. "இந்தப் பளபளப்புக்குத்தான் ரெண்டு தடவை சூளையில வைக்கிறேன். நிழல்ல யாருக்கும் தெரியறதில்ல. வெறும் மண்ணுன்னு நெனச்சுப் போயிடறாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி."

"எப்பப் பாத்தாலும் முறைச்சுக்கிட்டே இருந்தீங்க. என் பானை உங்களுக்குப் பிடிக்கலைன்னு நெனச்சேன்."

சோப்பக்காவுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. முறைத்த நேரத்தில் முப்பது அடி நடந்திருக்கலாம். ஆனால் அந்தக் கோபம் அதிக நேரம் நிற்கவில்லை, ஏனென்றால் அதற்குள் நூல் சார் வந்துவிட்டார். அவர் வருவதற்குள் அக்கம் பக்கத்துக் கடைக்காரர்கள் ஆளுக்கு ஒரு கை கொடுத்து, பாதிப் பானை அந்தப் பக்கமும் பாதிச் சோப்பு இந்தப் பக்கமும் போயிருந்தன.

"என்னம்மா இது? யாரைக் கேட்டு மாத்தினீங்க?"

"உங்களைத்தான் சார் கேட்டோம்" என்றார் பானைக்காரர். "நானும் கேட்டேன், அக்காவும் கேட்டாங்க."

"தெரியும். ரெண்டு பேரோட மனுவும் ஒரே ஃபைல்லதான் இருக்கு. ரெண்டு பேருக்கும் ஒரே பதில்தான் கொடுத்தேன். நான் யாருக்கும் பாரபட்சம் பாக்கறதில்ல."

சொல்லிவிட்டு அவர் கொஞ்சம் பெருமையாகவே நின்றார். ஒருத்தி நிழல் கேட்ட மனு, அதன் மேலேயே ஒருவர் வெயில் கேட்ட மனு. இரண்டும் ஒரே கயிற்றில் கோத்து, ஒரே அலமாரியில், திரை போட்ட ஜன்னலுக்குப் பக்கத்தில் வெளுக்காமல் பத்திரமாக இருந்திருக்கின்றன. இந்த மனிதர் இரண்டையும் படித்திருக்கிறார். படித்துவிட்டு இரண்டு பேருக்கும் முடியாது என்று எழுதிவிட்டு, அதற்கு நியாயம் என்று பெயரும் வைத்திருக்கிறார்.

"நூலைப் பிடிச்சுப் பாருங்க சார்" என்றார் அவள் கணவர் மெதுவாக. "மேஜைக்கு மேஜை மாத்தினதுதான். வரிசை கலையல."

நூல் சார் உண்மையிலேயே பிடித்துப் பார்த்தார். இந்த வரிசையும் நேராக இருந்தது, அந்த வரிசையும் நேராக இருந்தது. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் சற்று நேரம் நூலைச் சுருட்டினார். பிறகு பதினேழாம் நம்பருக்குப் போய், கம்பத்திலிருந்த நோட்டீஸைக் கிழியாமல் உரித்தெடுத்து, ஒட்டும் டேப்போடு திரும்பி வந்தார். சோப்பக்காவின் புதுக் கம்பத்தில் அதை வைத்துப் பார்த்தார்.

"அதான் பெட்டியும் இல்ல, எல்லாம் மேஜை மேலயே இருக்கு. இன்னும் எதுக்கு சார் இது?" என்று பானைக்காரர் கேட்டார்.

"நோட்டீஸ் கடைக்கு இல்லப்பா. ஆளுக்கு."

சோப்பக்கா மேஜையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். கம்பத்துக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றாள்.

"ஆளுக்குன்னா கம்பத்துல எதுக்கு சார் ஒட்டறீங்க? என் மேல ஒட்டுங்க."

"ஏம்மா இப்படிப் பேசறீங்க?"

"நெத்தியில ஒட்டுங்க. நான் எங்க போனாலும் கூடவே வரும். நல்லதைக் கொடுத்தவ, சரிபார்த்துப் பழகுங்கன்னு எல்லாரும் படிக்கட்டும்."

அவள் குரல் உயரவில்லை. ஆனாலும் போகிறவர்கள் நின்றார்கள். பக்கத்துக் கடையில் கூடை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இந்தப் பக்கம் திரும்பினார்கள். அறுத்து வைத்த டேப் நூல் சாரின் கட்டை விரலில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது.

"நான் எழுதினது இல்லம்மா. குழு எழுதினது."

"ஒட்டப் போறது உங்க கைதானே சார்?"

அவர் அவள் நெற்றியைப் பார்த்தார். ஒரு நொடிதான், ஆனால் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். நோட்டீஸை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார், சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "வரிசை கலையாமப் பாத்துக்கங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நடந்தார்.

நின்றிருந்தவர்களில் இரண்டு மூன்று பேர் கடைக்கு முன்னால் வந்தார்கள். ஒருவர் மஞ்சிட்டிக் கட்டியைக் காட்டி ஏதோ கேட்டார். சோப்பக்கா கணவரைக் கைகாட்டினாள். அவள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்குச் சோப்பையெல்லாம் மேஜையில் எடுத்து அடுக்கியது அவள் கணவர்தான்.